ஒரு கப்பலையும் மூழ்கடிக்காத நீர்மூழ்கி

இந்த எபிசோடு, ஒரு சின்னப் பையன் கேட்ட கேள்வியில இருந்து ஆரம்பிக்குது.

விசாகப்பட்டினம் போயிருந்தேன். அங்க ஆர்.கே. பீச் ரோட்டுல, கடல் பக்கமா, மணல் மேல ஒரு நீர்மூழ்கிக் கப்பல் நிக்குது. பேரு ஐ.என்.எஸ். குர்சுரா. ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போனா ஒரு பெரிய ராணுவ விமானம், டி.யூ.-142. ரெண்டும் கடற்படையில இருந்து ஓய்வு பெற்றவை. ரெண்டும் இப்போ மியூசியம்.

குர்சுராவுக்குள்ள எனக்கு முன்னாடி ஒரு தமிழ்க் குடும்பம் போய்ட்டிருந்தது. டார்பிடோ அறைக்கு வந்ததும் பையன் அப்பாகிட்ட கேட்டான்: "அப்பா, இது எத்தனை கப்பலை மூழ்கடிச்சிருக்கு?" அப்பா சிரிச்சு சமாளிச்சார். எனக்கும் அப்போ பதில் தெரியல. அப்புறம் படிச்சுப் பார்த்ததுல தெரிஞ்சது: ஒண்ணு கூட இல்ல.

சரி, அப்படின்னா இதை எதுக்குப் பத்திரமா வெச்சிருக்காங்க?

குர்சுரா சோவியத் யூனியனில் கட்டப்பட்டது. 1969 டிசம்பரில் நம்ம கடற்படையில் சேர்ந்தது. 1971 போர் நெருங்கிய மாதங்களில் அரபிக்கடலில் ரோந்து போனது. 2001-ல் ஓய்வு. 2002-ல் இந்தக் கடற்கரையில் மியூசியமாகத் திறந்தாங்க.

நீளம் சுமார் 91 மீட்டர். கேட்கப் பெருசாத்தான் இருக்கும். ஆனா உள்ள போனா, நீளமா போற ஒரு ரயில் பெட்டி மாதிரிதான். ரெண்டு பக்கமும் பைப், வால்வு, மீட்டர். ஒரு பகுதியில இருந்து அடுத்த பகுதிக்குப் போக வட்டமான துவாரத்துல குனிஞ்சு நுழையணும். இதுக்குள்ள சுமார் 75 பேர் வாரக்கணக்கில் இருந்தாங்க. முன்னாடி 6, பின்னாடி 4 டார்பிடோ குழாய்கள். மொத்தம் 22 டார்பிடோ கொண்டுபோகலாம். அந்த டார்பிடோக்களுக்குப் பக்கத்துலயே படுக்கை. அதாவது வெடிமருந்தோட தலைமாட்டுல தூக்கம்.

இதோட பலவீனம் என்ன தெரியுமா? காற்று. தண்ணிக்கு அடியில் இது பேட்டரியில் ஓடும். பேட்டரி தீர்ந்தா டீசல் எஞ்சினை ஓட்டி சார்ஜ் பண்ணணும். டீசல் எஞ்சினுக்குக் காற்று வேணும். அதனால மேல வரணும், இல்லைன்னா ஒரு குழாயையாவது தண்ணிக்கு மேல நீட்டணும். அந்த நேரத்துலதான் மாட்டிக்குவோமோங்கிற பயம்.

அப்படி மேல வர்றதைப் பிடிக்கத்தான் எதிர்ப்பக்கம் நிக்கிற விமானம். டி.யூ.-142-ஐ வடிவமைச்சதே நீர்மூழ்கிகளை வேட்டையாடத்தான். நாலு எஞ்சின். ஒவ்வொண்ணிலயும் எதிரெதிர் திசையில சுத்துற ரெண்டு புரொப்பல்லர். கடல்ல தண்ணீரில் மிதக்கிற கருவிகளைப் போட்டுட்டுப் போகும். அதோட மைக், தண்ணிக்கு அடியில தொங்கி, எஞ்சின் சத்தத்தைக் கேட்டு ரேடியோ வழியா விமானத்துக்கு அனுப்பும். ஒளிஞ்சிருக்கிறவன் மூச்சு விடுற சத்தத்தை ஒட்டுக் கேட்கிற மாதிரி.

இந்த விமானத்துக்கு நம்ம ஊர்த் தொடர்பும் உண்டு. 1988-ல் இந்தியாவுக்கு வந்த இந்த ரகம், முதல்ல கோவாவிலும் பிறகு அரக்கோணத்தில் இருக்கிற ஐ.என்.எஸ். ராஜாளி தளத்திலும் இருந்தது. 2017 மார்ச்சில் அரக்கோணத்தில்தான் ஓய்வு கொடுத்தாங்க. அதே வருஷம் டிசம்பரில், அப்போ குடியரசுத் தலைவரா இருந்த ராம்நாத் கோவிந்த் இந்த மியூசியத்தைத் திறந்து வெச்சார்.

ஆக, ரோட்டுக்கு ஒரு பக்கம் ஒளியுறது, மறுபக்கம் தேடுறது. ஆனா இந்த இடத்துல மூணாவதா ஒண்ணு இருக்கு. அதுக்கு டிக்கெட் கிடையாது.

பீச்சில் நின்னு கடலைப் பாருங்க. இந்த ஊர்த் துறைமுகத்துக்கு வெளிய, கடலடியில, பாகிஸ்தானின் பி.என்.எஸ். காஸி கிடக்கு. 2017-ல் வந்த 'காஸி' படம் பார்த்திருப்பீங்க. நம்ம விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்தைத் தேடி, 1971 நவம்பரில் கராச்சியில இருந்து கிளம்பி வங்கக்கடல் வரைக்கும் வந்தது அது. விக்ராந்தோ அந்தமான் பக்கம் மறைவா இருந்தது. டிசம்பர் 3-க்கும் 4-க்கும் இடைப்பட்ட இரவில் காஸி வெடிச்சு மூழ்கியது. ஐ.என்.எஸ். ராஜ்புத் வீசின குண்டுகள்தான் காரணம்னு இந்தியா சொல்லுது. தன்னோட கண்ணிவெடியாலயே வெடிச்சதுன்னு பாகிஸ்தான் சொல்லுது. உள்ள இருந்த யாரும் பிழைக்கல.

அஞ்சே நாள்ல கதை திரும்பியது. டிசம்பர் 9, டையூவுக்கு அருகே, பாகிஸ்தானின் ஹாங்கோர் நீர்மூழ்கி நம்ம ஐ.என்.எஸ். குக்ரியை டார்பிடோவால் அடிச்சு மூழ்கடிச்சது. 18 அதிகாரிகள், 176 மாலுமிகள். கேப்டன் மகேந்திரநாத் முல்லா கப்பலை விட்டு வரல, அதோடவே போயிட்டார்.

அந்த ஹாங்கோர் இப்போ எங்க இருக்கு? கராச்சியில், பாகிஸ்தான் கடல்சார் மியூசியத்தில். அங்கயும் குடும்பம் குடும்பமா வருவாங்க. அங்கயும் ஒரு பையன் டார்பிடோ அறையில நின்னு அதே கேள்வியைக் கேட்பான். அவனுக்குப் பதில் கிடைக்கும்: "ஒண்ணு." அந்த ஒண்ணுக்குள்ளதான் நம்ம 194 பேர் இருக்காங்க.

இதை யோசிச்சதுக்கு அப்புறம் குர்சுராவைப் பத்தி என் எண்ணம் மாறிடுச்சு. எண்ணிக்கை இல்லாத கப்பல்னு நினைச்சது தப்பு. 31 வருஷம் ஒளிஞ்சு, காத்திருந்து, கடைசியில எல்லாரும் படியேறி வீட்டுக்குப் போன கப்பல் இது. கடற்படைக்காரங்க பார்வையில, எதிரி பயந்து ஒதுங்கியிருந்தா அதுவே வெற்றி. என் பார்வையில, உள்ள போன ஆட்கள் வெளிய வந்தாங்கன்னா அதுவும் ஒரு கணக்குத்தான். மியூசியத்துல அதை எழுதி வைக்க மாட்டாங்க.

இன்னொரு விஷயம். காஸி தேடி வந்த விக்ராந்த் இப்போ இல்ல. மும்பையில சில வருஷம் மியூசியமா இருந்தது. பராமரிக்க முடியாம ஏலத்துல வித்து, 2014-ல் உடைக்க ஆரம்பிச்சாங்க. வேட்டைக்கு வந்தது கடலடியில கிடக்கு, தப்பிச்சது இரும்பா உருகிப் போச்சு.

விசாகப்பட்டினம் போனா முதல்ல குர்சுராவுக்குள்ள போங்க, அப்புறம் விமானம். மூச்சு முட்டுற இடத்துல இருந்துட்டு வந்தாத்தான், அந்தக் காது எதுக்குன்னு புரியும். முடிச்சுட்டு, கடல் பக்கம் திரும்பி ஒரு நிமிஷம் நில்லுங்க. அங்க ஒரு கப்பல், தன் ஆட்களோட இன்னும் இருக்கு. எந்தக் கொடியோட கப்பல்ங்கிறதை அந்த ஒரு நிமிஷம் மறந்துடலாம்.

அந்தப் பையனை மறுபடி பார்த்தா சொல்லுவேன்: "தம்பி, ஒண்ணு கூட இல்ல. நல்லவேளை."