காசநோயின் நிழலில் ஒளிந்த பூஞ்சை

1909-ஆம் ஆண்டு பிரேசிலில் கார்லோஸ் சாகஸ் என்ற மருத்துவர் கினிப்பன்றிகளின் நுரையீரலில் ஒரு நுண்ணுயிரைக் கண்டார். தாம் ஆராய்ந்துவந்த ஒட்டுண்ணியின் ஒரு பருவம் என்று அதை நினைத்துவிட்டார். 1912-ல் பாரிஸில் டெலனோ தம்பதியர் இது தனி உயிர் என்று காட்டி, நிமோசிஸ்டிஸ் எனப் பெயரிட்டனர். ஆனால் அது ஒரு பூஞ்சை என்று உறுதியாக 1988 வரை காத்திருக்க வேண்டியிருந்தது! அதன் மரபுப் பொருளைப் பூஞ்சைகளோடு ஒப்பிட்ட பிறகே பாடநூல்கள் மாறின.

இதற்கிடையில் 1950-களில் ஐரோப்பாவில் குறைமாதக் குழந்தைகளை இது தாக்கியது. 1981 ஜூன் மாதம் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் ஐந்து இளைஞர்களுக்கு இதே நிமோனியா வந்ததாக ஓர் அறிக்கை வெளியானது. எய்ட்ஸ் என்ற நோயின் வரலாறு அந்தச் சிறிய அறிக்கையிலிருந்துதான் தொடங்குகிறது.

ஐந்து ஆண்டுகளில் அது தமிழகத்துக்கும் வந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் மாணவி நிர்மலா சேகரித்த ரத்த மாதிரிகளை 1986-ல் வேலூர் சி.எம்.சி.யில் சோதித்தார்கள். இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. கண்டறியப்பட்டது அப்போதுதான்.

அதன் பின் நோயாளிகள் எங்கே போவார்கள்? பல இடங்களில் கதவு சாத்தப்பட்டது. 1993-ல் தாம்பரம் சானடோரியம் அவர்களைச் சேர்த்துக்கொள்ளத் தொடங்கியது. 1928-ல் டாக்டர் சௌரிமுத்து காசநோயாளிகளுக்காக நிறுவிய மருத்துவமனை அது. பக்கத்து ரயில் நிலையத்துக்கே அதன் பெயர்தான். காஞ்சிபுரத்தை ஒட்டிய செவிலிமேடும் தாம்பரமும் அந்நாளில் ஒரே மாவட்டம். இருமல் என்றால் காசநோய், காசநோய் என்றால் தாம்பரம் என்று பழகிப்போன வட்டாரம் இது.

சிக்கலே அங்குதான். 2003-ல் வெளியான சென்னை ஆய்வொன்றில், எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் நுரையீரல் காசநோய் 49 சதவீதம், நிமோசிஸ்டிஸ் 6 சதவீதம் என்று பதிவாகியிருக்கிறது. இந்த ஆறு குறைவான கணக்காகவும் இருக்கலாம். இந்தப் பூஞ்சை சாதாரண ஆய்வகத் தட்டில் வளராது. வறட்டு இருமல் என்பதால் சளியும் எளிதில் கிடைக்காது. நுரையீரலைக் கழுவி எடுத்த நீரைத் தனிச் சாயமிட்டுப் பார்க்க வேண்டும். அந்த வசதி எத்தனை ஊர்களில் இருந்தது? காசநோய் மாத்திரையைத் தின்றபடியே மூச்சுத் திணறி இறந்தவர்களும் இருந்திருப்பார்கள்.

வேதனை என்னவென்றால், மருந்து விலை உயர்ந்ததே அல்ல. பூஞ்சைக் கொல்லிகள் பல இதனிடம் தோற்றுவிடும். அவை குறிவைக்கும் எர்கோஸ்டெரால் என்ற பொருள் இதன் உறையில் கிடையாது. கோட்ரைமாக்சசோல் என்ற பழைய, மலிவான மாத்திரை கேட்கும். முன்கூட்டியே கொடுத்தால் நோயே வராமல் பெருமளவு தடுக்கும்.

2004 ஏப்ரலில் அரசின் இலவசக் கூட்டு மருந்துத் திட்டம் தொடங்கியபோது முதல் மையங்களுள் தாம்பரமும் ஒன்று. எதிர்ப்புச் சக்தி தேறியவர்களிடமிருந்து இப்பூஞ்சை விலகியது. இப்போது சிறுநீரக மாற்று செய்துகொண்டவர்கள், புற்றுநோய் சிகிச்சை பெறுபவர்கள், நெடுநாள் ஸ்டீராய்டு எடுப்பவர்கள் ஆகியோரிடம் அது தலைகாட்டுகிறது.