சிபிஎக்ஸ்-351

தீவிர மைலாய்டு ரத்தப் புற்றுநோய்க்குத் தரப்படும் கூட்டு மருந்து. வணிகப் பெயர் விக்சியோஸ். டானோரூபிசின், சைட்டராபின் என்னும் இரு மருந்துகளும் ஏறத்தாழ 100 நானோமீட்டர் விட்டமுள்ள ஒரே கொழுப்புக் குமிழிக்குள் அடைக்கப்பட்டிருக்கும்.

இத்தகைய குமிழிகளை (லிப்போசோம்) 1960களில் இங்கிலாந்தின் பாப்ரகாமில் அலெக் பங்காம் விவரித்தார். ஒற்றை மருந்தை ஏந்திய டாக்சில் 1995இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. சைட்டராபினின் மூலம் கரீபியக் கடற்பஞ்சில் கிடைத்த சேர்மங்கள். டானோரூபிசினை மண் நுண்ணுயிரியிலிருந்து கண்டெடுத்த பெருமை இத்தாலிய, பிரெஞ்சு ஆய்வாளர் இரு சாராருக்கும் உரியதாகக் கூறப்படுகிறது. 1970களிலிருந்து சைட்டராபின் ஏழு நாள், டானோரூபிசின் மூன்று நாள் என்னும் '7+3' முறையே வழக்கம்.

கனடாவின் வான்கூவரில் லாரன்ஸ் மேயர் குழுவினர் இவ்விரு மருந்துகளின் விகிதம் பற்றி ஒரு கேள்வி எழுப்பினர். ஆய்வுக்கூடத்தில் இரு மருந்துகளைக் கலக்கும்போது சில விகிதங்களில் ஒன்றுக்கொன்று வலுவூட்டின. வேறு விகிதங்களில் ஒன்றையொன்று மட்டுப்படுத்தின. தனித்தனியே ஏற்றினால் இந்த விகிதம் உடலில் நிலைப்பதில்லை: சைட்டராபின் விரைவில் சிதையும், டானோரூபிசின் திசுக்களுக்குள் இறங்கிவிடும். ஆகவே ஐந்து மூலக்கூறு சைட்டராபினுக்கு ஒரு மூலக்கூறு டானோரூபிசின் என்ற அளவைத் தேர்ந்து, குமிழியில் பூட்டினர். கொழுப்புச் சுவரில் கொலஸ்டிரால் குறைவு; உள்ளே செம்பு குளுக்கோனேட் கரைசல். செம்புடன் பிணைந்ததும், இயல்பாகச் சிவந்திருக்கும் டானோரூபிசின் ஊதா நிறம் கொள்கிறது. குப்பியில் உலர்ந்த ஊதாக் கட்டியாக இருக்கும் இம்மருந்தை நீர்விட்டுக் கலக்கினாலும் அந்த நிறம் மாறுவதில்லை. உடலில் செம்பு தேங்கும் வில்சன் நோய் உள்ளவர்களுக்கு இதே செம்பின் பொருட்டுத் தனி எச்சரிக்கை உண்டு.

மூன்றாம் கட்டச் சோதனையில் 60 முதல் 75 வயதுடைய, அபாயம் மிகுந்த வகை நோயுடைய 309 பேர் பங்கேற்றனர். வாழ்நாளின் இடைநிலை அளவு சிபிஎக்ஸ்-351 பெற்றவர்களுக்கு 9.56 மாதம், '7+3' பெற்றவர்களுக்கு 5.95 மாதம். ஐந்தாண்டுக்குப் பின் உயிரோடிருந்தோர் முறையே 18, 8 விழுக்காடு. ரத்த அணுக்கள் மீள்வது மட்டும் புதிய மருந்தில் தாமதமானது. 2017 ஆகஸ்டில் அமெரிக்க அனுமதி கிடைத்தது.

நன்மைக்குக் காரணம் விகிதமா, குமிழி மருந்தை நெடுநேரம் ரத்தத்தில் தங்கவைப்பதா என்பதை இச்சோதனையால் பிரித்தறிய முடியாது. விகிதமே முதன்மை என்பது உருவாக்கியவர்கள் கருத்து.

2021இல் ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கும் அமெரிக்க அனுமதி விரிவாக்கப்பட்டது. பிரிட்டனில் வீரியமிக்க வேறொரு கூட்டுச் சிகிச்சையோடு ஒப்பிட்டபோது மொத்தத்தில் மேம்பாடு தெரியவில்லை; குறிப்பிட்ட மரபணு மாற்றமுடையோரிடம் பலன் இருக்கக்கூடும் எனப்படுகிறது.