பார்க்கின்சன் நோய்: கால் நின்றுவிட்டால் இழுக்காதீர்கள்

நடந்து வரும் பெரியவர் அறை வாசலில் திடீரென நின்றுவிடுகிறார். பாதம் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் அடுத்த அடி வரவில்லை. பார்க்கின்சன் நோயாளிகள் பலருக்கு இப்படி நேர்கிறது. இது பிடிவாதமோ சோம்பலோ அல்ல.

மூளையில் டோப்பமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் உயிரணுக்கள் அழிவதால் இந்நோய் ஏற்படுகிறது. தானாக நடக்க வேண்டிய அசைவுகள் தடைபட்டு, அடிகள் சிறுத்துவிடுகின்றன. திரும்பும்போதும் குறுகிய இடங்களிலும் கால் அதிகமாக நின்றுபோகும்.

அவ்வேளையில் கையைப் பிடித்து இழுத்தால் அவர் முன்பக்கம் விழக்கூடும். முதலில் நிதானமாக நிற்கச் சொல்லுங்கள். நிமிர்ந்து, உடல் எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றி, பிறகு ஒரு பெரிய அடி எடுத்து வைக்கட்டும். "ஒன்று, இரண்டு" என எண்ணுவதும், தரையில் குறுக்காக ஒட்டிய வண்ண டேப்புகளைத் தாண்டி நடப்பதும் பலருக்கு உதவுகின்றன. நின்ற இடத்திலேயே சுழலாமல், சற்று வளைந்து திரும்பப் பழக்குங்கள். நடக்கும்போது பேச்சுக் கொடுக்காதீர்கள்.

லெவோடோப்பா மாத்திரையை நேரம் தவறாமல் கொடுக்க வேண்டும். இறைச்சி, மீன், பருப்பு போன்ற புரத உணவோடு சேர்ந்தால் சிலருக்கு மருந்தின் பலன் குறையும்; எப்போது கொடுப்பது என மருத்துவரிடம் கேளுங்கள். மருந்தைத் திடீரென நிறுத்தவே கூடாது.

கால் நிற்கும் நேரத்தையும் மாத்திரை எடுத்த நேரத்தையும் குறித்து வையுங்கள். மருந்தளவை மாற்றவும் பிசியோதெரபி பயிற்சியை முடிவு செய்யவும் மருத்துவருக்கு அந்தக் குறிப்பு உதவும்.