இருபது ரூபாய் மணியார்டர்

ஒரு காலத்தில் மாதத்தின் முதல் பத்து நாள் கும்பகோணத்துத் தபால்காரன் பையில் கடிதத்தைவிட மணியார்டர் படிவம்தான் அதிகமாக இருந்தது. அதிலும் பாதிக்கு மேல் ஓஏபி, அதாவது முதியோர் உதவித்தொகைப் பணம். துக்காம்பாளையம் தெருவிலிருந்து மேலக்காவேரி வரை எந்தத் திண்ணையில் எந்தக் கிழவி காத்திருப்பாள் என்பது எங்களுக்கு மனப்பாடமாக இருந்தது.

நான் 1979இல் தபால்காரனாக வேலைக்குச் சேர்ந்தபோது முதியோர் உதவித்தொகைக்கு வயது பதினேழு. காமராசர் முதலமைச்சராக இருந்த 1962இல், ஏப்ரல் முதல் தேதி அது தொடங்கியது. மாதம் 20 ரூபாய். உத்தரப் பிரதேசம் 1957இலேயே இந்த வழியில் இறங்கியிருந்தது. முதுமையில் அரசு கைகொடுக்க வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தின் 41ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் அதைக் காட்டி நீதிமன்றத்தில் உரிமை கோர முடியாது. ஏட்டில் இருந்த அந்த வாக்கை எங்கள் ஊரில் கையில் வாங்கிப் பார்க்கக்கூடிய காசாக்கியது இந்த மணியார்டர்தான்.

அதற்கு முன் தஞ்சைச் சீமையில் முதியவர்களுக்கு ஆதரவே இல்லை என்று சொல்லமாட்டேன். மராட்டிய மன்னர்களின் சத்திரங்கள் இருந்தன. அங்கே வழிப்போக்கருக்குச் சோறும், நோயில் விழுந்தவருக்கு வைத்தியமும், அநாதைக் குழந்தைக்குப் பாலும் கிடைப்பதை இரண்டாம் சரபோஜி 1801இல் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு விரிவாக எழுதியிருக்கிறார். கோயில் பிரசாதமும் மடத்துச் சோறும் வேறு. ஆனால் இவை எல்லாம் நடந்து போய்ச் சேர முடிந்தவர்களுக்குத்தான். காலும் கண்ணும் போனவரின் வாசலுக்கு மாதந்தோறும் தானாக வந்தது 1962இன் புதுமை. என்னைக் கேட்டால் தொகையைவிட அதுவே பெரிது.

மனு தேறுவதுதான் கஷ்டமாக இருந்தது. திட்டம் ஆதரவற்றோருக்கு, சம்பாதிக்கும் மகன் இருப்பதாகத் தெரிந்தால் மனு நிற்காது. திருப்பூருக்குப் போய் வருஷக்கணக்காக எட்டிப் பார்க்காத மகனும் கணக்கில் மகன்தான். கிராமங்களில் 1980 வரை கர்ணமும் முன்சீப்பும், அந்தப் பதவிகள் ஒழிந்தபின் கிராம நிர்வாக அலுவலரும் விசாரித்துச் சொல்ல வேண்டும். அந்த ஒருவரின் மனசைப் பொறுத்து ஒரு கிழவியின் அடுப்பு எரிந்தது, எரியாமலும் போனது.

பட்டுவாடாவுக்கு ஒரு முறை இருந்தது. பெயர் கேட்பது, முகம் பார்ப்பது, மை ஒற்றி இடது கைப் பெருவிரலைப் படிவத்தில் பதிப்பது, பக்கத்து வீட்டுக்காரரைச் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொல்வது. பிறகு நோட்டை ஒவ்வொன்றாக எண்ணிக் கையில் வைப்போம். உரியவரைத் தவிர வேறு யாரிடமும் கொடுக்கக்கூடாது. இந்த ஒரு விதியால்தான் நாங்கள் உள்ளே போனோம். பாயில் கிடப்பவரையும் எட்டிப் பார்த்தோம். சோறு வடித்தாயிற்றா, காய்ச்சல் விட்டதா, மருமகள் பேசுகிறாளா என்று நாலு வார்த்தை. "போன மாசத்துக்கு இந்த மாசம் கால் வீங்கியிருக்கே, பெரியாஸ்பத்திரிக்குப் போனியாம்மா?" என்று கேட்க இன்னொரு ஆள் இல்லாத வீடுகள் பல. "தபால்காரத் தம்பி வந்தாத்தான் எனக்கு மாசம் பொறந்த மாதிரி" என்பாள் பாத்திரப் பட்டறையில் ஆயுசைக் கழித்த ஒரு பாட்டி. ஆள் போய்விட்டால் படிவத்தில் அதை எழுதித் திருப்பி அனுப்புவோம். பல முதியவர்களின் மரணத்தை அரசாங்கத்துக்கு முதலில் சொன்னது தபால்காரன் பேனாதான்.

இதன் அழுக்கையும் எழுதியாக வேண்டும். பணத்தை எண்ணித் தரும்போது அஞ்சோ பத்தோ எடுத்துக்கொண்டவர்கள் இருந்தார்கள். பசித்த வயிற்றிலிருந்து எடுத்த காசு அது. அதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது.

திட்டம் கொஞ்சங்கொஞ்சமாக வளர்ந்தது. 1975இல் ஆதரவற்ற விதவைகளுக்கும் உதவித்தொகை வந்தது. எம்.ஜி.ஆர். 1982இல் குழந்தைகளுக்குத் தொடங்கிய சத்துணவை அடுத்த ஆண்டு ஓஏபி வாங்கும் முதியவர்களுக்கும் நீட்டினார். மதியம் தட்டோடு பள்ளிக்கூடத்துப் பக்கம் நடக்கும் பாட்டிகளைத் தெருவில் பார்ப்பேன். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் சேலை, வேட்டி. 1995இல் மத்திய அரசும் 75 ரூபாயோடு சேர்ந்துகொண்டது. 2006இல் அந்தப் பங்கு 200 ஆனது. எண்பது வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு இன்றும் அதே 200தான். மாநிலம் தன் பங்கைக் கூட்டி மொத்தத்தை 2011இல் ஆயிரமாக்கியது. 2023இல் 1,200.

அந்த ஆயிரம் வந்த சமயத்தில்தான் பட்டுவாடா எங்கள் கையைவிட்டு வங்கிக்கும் அதன் முகவர்களுக்கும் போகத் தொடங்கியது. பிடித்தம் நிற்கும் என்றார்கள். அந்த நியாயத்தை மறுக்க மாட்டேன். ஆனால் நாற்பது வருஷம் பித்தளை தேய்த்த விரலிலும் நாற்றுப் பறித்த விரலிலும் ரேகை ஏது? எங்கள் மையில் அது வெறும் கறுப்புத் திட்டாகத்தான் விழும். முகம் தெரியும் என்பதால் பணம் கொடுத்தோம். வங்கி முகவரின் ரேகைக் கருவிக்கு முகம் தெரியவில்லை. ரேகை விழாமல் மறுநாள் வா, மறுநாள் வா என்று திருப்பி அனுப்பப்பட்டு, போகவர ஆட்டோவுக்கே நூறு ரூபாய் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

2016இல் ஓய்வு பெற்றேன். இப்போது கோவையிலும் எங்கள் ஊர்ப் பக்கமும் மூத்தோர் குடியிருப்புகள் எழும்பியிருக்கின்றன. முன்பணம் லட்சங்களில், மாதக் கட்டணம் பல ஆயிரங்களில். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளுக்கு வாரம் ஒருமுறை ஆள் அனுப்பி, அப்பா எப்படி இருக்கிறார் என்று வாட்ஸ்அப்பில் தகவல் தரும் நிறுவனங்களும் கட்டணம் வாங்குகின்றன. தப்பில்லை, தேவை இருக்கிறது, கொடுக்க முடிகிறவர்கள் கொடுக்கிறார்கள். 1,200 ரூபாய்க்காரருக்கு அந்த வாசல் திறக்காது. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கான 2007ஆம் ஆண்டுச் சட்டம் மாவட்டத்துக்கு ஒன்றாவது, குறைந்தது 150 பேர் தங்கும் இல்லத்தை அரசு அமைக்கலாம் என்கிறது. "அமைக்கலாம்" என்றுதான் சொல்கிறது. "அமைக்க வேண்டும்" என்று சொல்லவில்லை.

2018இல் அஞ்சல் துறை தன் பேமெண்ட்ஸ் வங்கியைத் தொடங்கியபின் தபால்காரர்கள் கைப்பேசியும் ரேகைக் கருவியும் சுமந்து மறுபடி வாசலில் பணம் கொடுக்கிறார்கள். கேட்பவர்களுக்கு மட்டும், அங்கொன்றும் இங்கொன்றுமாக. அரசு நினைத்தால் நடக்க முடியாத ஒவ்வொரு ஓஏபிகாரருக்கும் இதையே விதியாக்கலாம். ரேகை விழாவிட்டால் சாட்சியோடு பணம் தரும் பழைய முறையைத் திரும்பக் கொண்டுவரலாம். படுக்கையில் இருக்கிறாரா, மருந்து வேண்டுமா, தனியாக இருக்கிறாரா என்று மூன்று கேள்விகளை அந்தக் கைப்பேசியில் சேர்த்து, பதில் அன்றே தாலுகா அலுவலகத்துக்கும் ஆரம்பச் சுகாதார நிலையத்துக்கும் போகும்படி செய்யலாம். தபால்காரருக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று படி கொடுத்துவிட வேண்டும். அந்தச் செலவை முதியவரின் 1,200இல் கழிக்கக்கூடாது.