எண்ணிக்கையாகிப்போன பெயர்கள்: மெசபொத்தேமியாவில் மறைந்த சென்னை மாகாணச் சிப்பாய்களைத் தேடுதல்

முதல் உலகப்போரில் ‘பட்டாளத்துக்குப் போய்த் திரும்பாதவர்’ எனக் குடும்ப வாய்மொழியில் எஞ்சியிருக்கும் முன்னோரைக் காணாமற்போனவர் என்றே ஆய்வாளரும் கொள்வதுண்டு. இக்கருத்து மறுபரிசீலனைக்குரியது. அரசின் ஏடுகளில் அவர்களுள் பலர் காணாமற்போகவில்லை. அவர்தம் பெயர்தான் கல்லில் ஏறவில்லை.

1929இல் திறக்கப்பட்ட பாஸ்ரா நினைவுச்சின்னம், 1914 முதல் 1921 வரை மெசபொத்தேமியாவில் இறந்து, கல்லறை அறியப்படாத 40,000க்கும் மேற்பட்டோருக்குரியது. பிரித்தானியர் பெயர்களும் இந்திய அதிகாரிகளின் பெயர்களும் அதில் பொறிக்கப்பட்டன. இந்தியச் சிப்பாய்களோ படைப்பிரிவின்கீழ் வெறும் எண்ணிக்கையாக இடம்பெற்றனர். பிரான்சின் நேவ் ஷபேல் நினைவிடத்தில் (1927) 4,700க்கும் மேற்பட்ட இந்தியர் பெயருடன் நினைவுகூரப்பட்டதை நோக்க, பாஸ்ராவில் நேர்ந்தது இயலாமையன்று, தெரிவே எனல் வேண்டும். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் 2021ஆம் ஆண்டு அறிக்கை இப்பாகுபாட்டை ஒப்புக்கொண்டது.

‘கல்லறை அறியப்படாதவர்’ என்னும் வகைப்பாட்டையும் எச்சரிக்கையுடன் கையாள வேண்டும். எரியூட்டப்பட்ட இந்துச் சிப்பாய்க்குக் கல்லறை இராது. ஆதலின் மருத்துவமனையில் இறந்து முறைப்படி தகனம் செய்யப்பட்டவரும் இப்பட்டியலில் அடங்குவார். போர்க்களத்தில் உடல் கிடைக்காதவர் என அவரைப் பற்றி எழுதுவது பிழையாகும்.

ஆணையத்தின் பதிவுகளில் படை எண், பிரிவு, இறந்த நாள் ஆகியவற்றோடு, பலருக்குத் தந்தை பெயர், ஊர், வட்டம், மாவட்டம் ஆகியனவும் உள்ளன. பெயரை மட்டும் கொண்டு தேடுதல் பெரும்பாலும் பயன் தராது. எழுத்தர் செவிக்கேற்ப ரோமன் எழுத்துக்கூட்டு மாறும். முனுசாமிகளும் பெருமாள்களும் எண்ணிறந்தோர். தந்தை பெயர், ஊர், வட்டம் மூன்றும் பொருந்தினாலன்றி அடையாளம் உறுதிப்படாது. மாவட்டப் பெயரோ எளிதில் இடறச் செய்யும். 1911இல் சித்தூர் மாவட்டம் பிரியும் முன் படையில் சேர்ந்தவர் வட ஆர்க்காட்டினர் எனப் பதியப்பட்டிருக்கக்கூடும்.

காலாட்படையினர் திறத்தில் வேறோர் இடரும் உண்டு. 1922 மறுசீரமைப்பில் உருவான 3ஆம் மெட்ராஸ் ரெஜிமெண்ட் 1928க்குள் கலைக்கப்பட்டது. 1941இல்தான் மெட்ராஸ் ரெஜிமெண்ட் மீண்டும் உருப்பெற்றது. தொடர்ச்சி அறாத மெட்ராஸ் சாப்பர்ஸ் பிரிவினரைத் தேடுவோர்க்கு இவ்விடர் இல்லை.

இறந்த நாள் கிடைத்தபின், லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக்காப்பகத்தின் போர் நாட்குறிப்புகளை நாடலாம். அவற்றில் பிரித்தானிய அதிகாரிகள் பெயரோடு வருவர். சிப்பாய்கள் பெரும்பாலும் தொகையாகவே வருவர். எனினும் அன்று பிரிவு எங்கிருந்தது என்பது புலனாகும். நோயால் பின்னனுப்பப்பட்டவராயின், அவ்விடம் அவர் இறந்த இடமாகாது.