பட்டாளத்தில் போன முதுகும் இருபது சதவீதமும்

ஓசூர் சிப்காட் கம்பெனி கேட்டுகளில் செக்யூரிட்டி உடையில் நிற்கும் பெரியவர்களில் முன்னாள் ராணுவத்தினரும் உண்டு. வேப்பனப்பள்ளி பக்கத்துச் சேரியிலிருந்து பட்டாளத்துக்குப் போய் வந்த ஒருவரின் தகரப்பெட்டியில் நாங்கள் ஒரு பழைய கடிதத்தைப் பார்த்தோம். பாலம் போடும் வேலையில் இரும்புப் பலகை தூக்கியபோது பிடித்த முதுகுவலி அவருக்கு. மெடிக்கல் போர்டு 20 சதவீத ஊனம் என்று ஒப்புக்கொண்டு, அது பணியால் வந்ததுமில்லை, பணியால் கூடியதுமில்லை என்று முடித்திருந்தது. டிசபிலிட்டி பென்ஷன் கிடையாது.

"அப்பீல் போட்டீங்களா ஐயா?"

"இங்கிலீஷ்ல இருந்துச்சு தம்பி. அதோட முடிஞ்சுபோச்சுன்னு நெனச்சேன்."

இந்த 'முடிஞ்சுபோச்சு' நம் மக்களுக்குப் புதிதல்ல. 1780-இல் சென்னைக் கோட்டையில் தொடங்கிய பயனியர் படைதான் பின்னாளில் மதராஸ் சப்பர்ஸ் ஆனது. சாலை போடுவது, அகழி வெட்டுவது, பாலம் கட்டுவது அதன் வேலை. 1834 முதல் அதன் தலைமையிடம் நமக்கு அருகிலுள்ள பெங்களூரு. பறையர்கள் அதில் பெருமளவில் இருந்தார்கள். மதராஸ் படைக்குத் தளபதியாக இருந்து, 1885-இல் இந்தியப் படை முழுவதற்கும் தலைமைத் தளபதியான ராபர்ட்ஸ், தென்னிந்தியர்களுக்குப் போர்க்குணம் போய்விட்டது என்றார். மதராஸ் காலாட்படை சுருங்கியது. மண்வெட்டி பிடித்த சப்பர்கள் மட்டும் தப்பினார்கள். முதுகு தேவைப்பட்டது, வேறென்ன! மராட்டியத்தில் மஹர்களுக்குக் கதவே மூடப்பட்டது. மஹர் ரெஜிமென்ட் வர 1941 ஆயிற்று.

பெரியவரின் கடிதத்துக்கு வருவோம். 1982-ஆம் ஆண்டின் ஓய்வூதியத் தகுதி விதிகள், உரிமை கோருபவர் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை, சந்தேகத்தின் பலன் அவருக்கே என்றன. சேரும்போது பதிவேட்டில் குறிக்கப்படாத நோய் பின்னால் வந்து அவரை வெளியேற்றினால், அது பணியில் வந்ததாகவே கொள்ளப்படும். காகிதத்தில் தூங்கிய இந்த விதியை எழுப்பியவர் தரம்வீர் சிங். 1985-இல் சிக்னல்ஸில் சேர்ந்து, வலிப்பு நோயால் 20 சதவீத ஊனத்தோடு 1994-இல் வெளியேற்றப்பட்டவர். பணிக்கும் நோய்க்கும் தொடர்பில்லை என்று காரணம் சொல்லாமல் எழுதிய போர்டின் கருத்து செல்லாது என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் அவருக்குத் தீர்ப்பளித்தது. இல்லை என்று காட்டும் பொறுப்பு ராணுவத்துடையது.

20 சதவீதம் சின்ன எண்ணாகத் தெரியலாம். ஆனால் அதுதான் வாசற்படி. அதை எட்டினால், 50-க்குக் குறைந்த எதுவும் 50 ஆக உயர்த்திக் கணக்கிடப்படும். வயது முடிந்து ஓய்வு பெற்றவர்களுக்கும் இது உண்டு என்பது 2014-இன் ராம் அவதார் தீர்ப்பு.

காலம் கடந்துவிட்டதா? 1983-இல் வெளியேற்றப்பட்ட தர்செம் சிங் 16 ஆண்டு கழித்தே வழக்குப் போட்டார். 2008-இல் உச்ச நீதிமன்றம் பென்ஷனை மறுக்கவில்லை, நிலுவையை மட்டும் வழக்குக்கு முந்தைய மூன்றாண்டோடு நிறுத்தியது. ஒவ்வொரு மாதமும் பென்ஷன் வராமலிருப்பது தொடரும் தவறு என்பது அதன் தர்க்கம். தாமதம் உரிமையைக் கொல்லாது, பணத்தைத் தின்னும்.

தோழர்களே, 2023 செப்டம்பர் 21-க்குப் பிறகு வெளியேறுபவர்களுக்குப் புதிய விதிகள். முன்னாள் வீரர்கள் அவற்றைக் கடுமையாக எதிர்க்கிறார்கள். யார் எந்தத் தேதியில் வெளியே வந்தார் என்பதை முதலில் பாருங்கள்.

அடுத்து, மெடிக்கல் போர்டு நடவடிக்கையின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் அவரது ரெக்கார்ட்ஸ் ஆபீஸில் கேளுங்கள். துறைக்குள் மேல்முறையீடு, அதுவும் தோற்றால் சென்னையிலுள்ள ஆயுதப்படைத் தீர்ப்பாயம். வக்கீல் கட்டணத்தை நினைத்துத் தயங்க வேண்டாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் 12-ஆம் பிரிவின்படி பட்டியல் சாதியினருக்கு இலவச சட்ட உதவி உண்டு, வருமான வரம்பு இல்லாமல்.

பெரியவர் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். நைட் டியூட்டிக்கு நேரமாகிவிட்டதால், குனிய முடியாத அவருக்கு அவர் பேத்தி ஷூ லேஸ் கட்டிவிட்டாள்.