பேறுகால அறையின் வாயிலில்

விக்கிரவாண்டிக்கு வடக்கே உள்ள திண்டிவனத்தில், 1890களில், ஸ்கடர் என்னும் அமெரிக்கப் பாதிரி மருத்துவர் பணியாற்றி வந்தார். ஓரிரவு மூன்று வீட்டார் ஒருவர்பின் ஒருவராக அவர் இல்லத்தை நாடி வந்தனர். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், மற்றொருவர் உயர்சாதி இந்து. மூவர் மனைவியரும் பேறுகால வேதனையில் துடித்தனர். ஆண் மருத்துவர் தொடலாகாது, அவர் மகள் ஐடா வரவேண்டும் என்பதே அவர்தம் வேண்டுகோள். ஐடாவோ அன்று மருத்துவம் பயிலாதவர். விடிவதற்குள் மூன்று பெண்களும் மாண்டனர். அவ்விரவின் துயரமே ஐடாவை 1899இல் மருத்துவப் பட்டம் பெறச் செய்தது. வேலூரில் 1902இல் 40 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையும், 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் அவரால் எழுந்தன.

இது பலரும் அறிந்த வரலாறு. ஆயின் நாம் கேட்க வேண்டிய வினா ஒன்றுண்டு. அம்மூவரும் மருத்துவரை வேண்டாமென்றனர். மருத்துவரே நம் தெருவுக்கு வாரேன் என்றால் நம் பெண் என் செய்வாள்?

இஃது வெறும் கற்பனையன்று. 1929 டிசம்பர் 12ஆம் நாள் காந்தியடிகளின் ‘யங் இந்தியா’ இதழில், கத்தியவாரில் பணியாற்றிய நம்மவராகிய ஆசிரியர் ஒருவரின் கடிதம் வெளிவந்தது. பிள்ளை பெற்ற இரண்டாம் நாள் அவர் மனைவி நோயுற்றாள். மருத்துவர் சேரிக்குள் வர மறுத்தார். ஊர்ப் பெரியவர் கட்டணத்துக்குப் பொறுப்பேற்ற பின், நோயாளியைச் சேரிக்கு வெளியே கொணர்ந்தால் பார்ப்பதாக இசைந்தார். பச்சைக் குழந்தையோடு அவளை வெளியே கொணர்ந்தனர். மருத்துவர் தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிமிடம் கொடுத்தார், அவர் கணவரிடம், கணவர் மனைவியிடம். அவ்வழியே அது திரும்பிச் சென்றது. விளக்கொளியில் அதைப் பார்த்து நிமோனியா என்றார். நாடியைத் தொடவில்லை. மறுமுறை அழைத்தபோது வரவுமில்லை. அவள் இறந்தாள். டாக்டர் அம்பேத்கர் தம் நினைவுக் குறிப்புகளில் இக்கடிதத்தை எடுத்தெழுதியுள்ளார். அதற்கு முந்தைய ஆண்டில்தான், ஆலைத் தொழிலாளப் பெண்களுக்குப் பேறுகால உதவி வழங்கும் மசோதாவை ஆதரித்து, தாய்க்கு ஓய்வு தருவது நாட்டின் நலனே என்று பம்பாய்ச் சட்டமன்றத்தில் அவர் வாதாடியிருந்தார்.

இதில் ஒரு விந்தையுண்டு. நாட்டின் பல ஊர்களில் மேல்சாதியார் வீட்டிலும் கொடியறுத்து, குருதி துடைத்தவர்கள் நம் குலத்து மூதாட்டிகளே. பிள்ளையை முதலில் ஏந்திய கை, பின்னர்த் தீட்டாயிற்று! அமெரிக்கத் தென்மாநிலங்களின் கறுப்பின மருத்துவச்சிகளும் இவ்வாறே வெள்ளையர் வீட்டுப் பிள்ளைகளை ஏந்தினர். சென்ற நூற்றாண்டின் இடைப்பகுதியில் அவர்தம் உரிமங்கள் படிப்படியாக நீக்கப்பட்டன. இன்றும் அங்குக் கறுப்பினத் தாய்மாரின் பேறுகால இறப்பு வீதம் வெள்ளையரினும் ஏறத்தாழ மும்மடங்கு.

நம் அருகில் முண்டியம்பாக்கத்தில் 2010 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. 2019-21 கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேறுகளுக்கு மேல் மருத்துவமனைகளிலேயே நிகழ்கின்றன. கதவு திறந்துவிட்டது, ஆனால் உள்ளே சென்றவளை எவ்வாறு விளித்தனர், வலியில் கதறியபோது என்ன கூறினர் என்பதைக் கணக்கெடுப்பு கூறாது. தமிழக அரசு மருத்துவமனைகளில் 2004 முதல், உறவுப்பெண் ஒருத்தி பேறுகாலத் துணையாக உடனிருக்க வழி செய்யப்பட்டுள்ளது. அன்று ஊருக்கெல்லாம் கொடியறுத்த மூதாட்டி, இன்று தன் பேத்தியின் கையைப் பற்றியபடி அவ்வறையில் நிற்கலாம்.